தோணி சொன்ன கணக்கு

செய்தியாளனாக நான் எழுதிக் குவித்த சொற்களுள், பொருளை உணராமலேயே அதிகம் எழுதிய சொல் எது என்று எவரேனும் கேட்டால், 'அதிவேகம்' என்றே விடை சொல்வேன். 'அதிவேகமாக வந்த மோட்டார் சைக்கிள் லொறியுடன் மோதியதில் இளைஞர் ஸ்தலத்திலேயே பலி' என்னும் வாக்கியத்தை, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி, எத்தனை தடவை எழுதியிருப்பேனோ அறியேன். வேகத்தை அளந்தவர் யார், எப்படி அளந்தார், அளக்கத்தான் முடியுமா என்ற கேள்விகள் அந்நாட்களில் என் மனத்தில் எழவேயில்லை. பொலிசார் சொன்னார்கள், சாரதி சொன்னார், நானும் எழுதினேன்.

தொழிலின் தொடக்க ஆண்டுகளில் ஒரு நாள், மட்டக்களப்பு வாவியை அடுத்துத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் அப்படியொரு விபத்து நிகழ்ந்தது. எதிரெதிரே வந்த லொறியும் மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டன. இளைஞர் இறந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது உடலை அகற்றியிருந்தார்கள். தார் வீதியில் லொறியின் சில்லுகள் இழுபட்ட இரண்டு கறுப்புத் தடங்கள் மட்டும் நீளமாகக் கிடந்தன. செய்திக்குச் சற்று உருக்கம் சேர்க்கலாம் என்ற எண்ணத்தில் அவற்றின் அருகே நடந்து பார்த்தேன். 35 எட்டுகள். குறிப்பேட்டில் அதை எழுதிக்கொண்டேன். தான் முப்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் வரவில்லை என்றும், பொடியன்தான் காற்றாய்ப் பறந்து வந்து விழுந்தான் என்றும் சாரதி சொன்னார். மறுநாள் பத்திரிகையில் 'அதிவேகம்' இடம்பெற்றது. 35 எட்டுகள் இடம்பெறவில்லை.

ஒரு கிழமை கழித்து அந்த இளைஞரின் தகப்பனார் என்னைத் தேடி வந்தார். கோபம் எதுவும் இல்லை. பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். "தம்பி, அவன் வேகமாப் போனதெண்டு ஆரு கண்ட?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் புகுந்தபோது அறிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். அது முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு. அதன் தொடக்கத்தில் ஒரு தோணி இருக்கிறது என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

வாவிக்கரையில் பிறந்தவர்களுக்கு இந்த விஞ்ஞானத்தின் முதற்பாடத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. தோணியிலிருந்து துறையில் கால் வைக்கும்போது தோணி பின்னே நழுவும். பழக்கமில்லாதவர் தண்ணீரில் விழுவார். 60 கிலோ எடையுள்ள ஒருவர் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் முன்னே அடி எடுத்து வைத்தால், 120 கிலோ எடையுள்ள தோணி செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் பின்னே போகும். அறுபதை ஒன்றால் பெருக்கினாலும் நூற்றிருபதை அரையால் பெருக்கினாலும் வருவது அறுபதே. ஒன்று முன்னோக்கி, மற்றது பின்னோக்கி. இரண்டையும் கூட்டினால் பூச்சியம். அடி எடுத்து வைப்பதற்கு முன்னும் அங்கே இருந்தது பூச்சியந்தான்.

ஒரு பொருளின் திணிவை (தமிழ்நாட்டு நூல்களில் இதனை நிறை என்பர்) அதன் வேகத்தால் பெருக்கினால் வருவதை உந்தம் என்கிறோம். திசையும் அதனோடு சேர்ந்ததே. வெளியிலிருந்து விசை எதுவும் தாக்காதவரை, ஒன்றையொன்று தாக்கும் பொருள்களின் மொத்த உந்தம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. இதுவே உந்தக் காப்பு விதி. இத்தகைய கருத்துகளை நாம் தமிழிலேயே பேச முடிகின்றது என்றால், அதில் இந்த மண்ணுக்கும் ஒரு பங்குண்டு. 1892 இல் காரைதீவில் பிறந்து விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவரும், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவருமான சுவாமி விபுலாநந்தரே, 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்.

இன்று பாடசாலைப் பிள்ளைகள் எளிதாக எழுதிவிடும் இந்த விதியை அறிவதற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய மூளைகள் தடுமாறியிருக்கின்றன. பிரெஞ்சு தத்துவஞானி டேக்கார்ட், 1644 இல் வெளியிட்ட தம் நூலில் மோதலுக்கு ஏழு விதிகளை வகுத்தார். அவற்றுள் பெரும்பாலானவை பிழையானவை. சிறிய பொருளொன்று எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும், ஓய்ந்திருக்கும் பெரிய பொருளை அசைக்கவே முடியாது என்பது அவற்றுள் ஒன்று. வாவியில் கட்டிய தோணியில் ஒரு சிறுவன் பாய்ந்து ஏறுவதைப் பார்த்த எவரும் இதை ஏற்கமாட்டார்கள். இயக்கத்தின் அளவைக் கணித்த டேக்கார்ட், அதன் திசையைக் கணக்கில் சேர்க்கத் தவறினார். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் உந்தங்களில் ஒன்றைக் கூட்டலாகவும் மற்றதைக் கழித்தலாகவும் கொள்ளவேண்டும் என்பதை அவர் காணவில்லை.

அந்தப் பிழையைக் கண்டவர் ஓர் ஒல்லாந்தர். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றியது 1638 ஆம் ஆண்டில். அப்போது ஹேக் நகரில் ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். பின்னாளில் ஊசற் கடிகாரத்தை ஆக்கியவரும் சனிக்கோளின் வளையத்தை விளக்கியவரும் இவரே. 1650 களில் மோதலைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுநூல், அவர் இறந்த பின் 1703 இல்தான் அச்சேறியது. அதில் அவர் கையாண்ட உதாரணம் ஒரு தோணி.

ஒல்லாந்தரின் வாய்க்கால் ஒன்றில் தோணி செல்கிறது. தோணியில் நிற்பவர் நூலில் தொங்கும் இரண்டு சம எடையுள்ள பந்துகளைச் சம வேகத்தில் ஒன்றோடொன்று மோதவிடுகிறார். வன்மையான பந்துகள்; மோதிய அதே வேகத்தில் எதிர்த்திசையில் திரும்புகின்றன. கரையில் நிற்பவர் இதையே பார்க்கிறார். தோணியின் வேகமும் பந்தின் வேகமும் சமம் என்று கொள்வோம். கரையில் நிற்பவருக்கு ஒரு பந்து இருமடங்கு வேகத்தில் வருவதாகவும், மற்றது அசையாமல் நிற்பதாகவும் தோன்றும். மோதிய பின்னர் வந்த பந்து நின்றுவிடும். நின்ற பந்து இருமடங்கு வேகத்தில் புறப்படும். நிகழ்ச்சி ஒன்றுதான், பார்க்கும் இடம் மட்டும் வேறு. இருவரும் சொல்வது உண்மை. இருவர் கூற்றுக்கும் பொருந்தும் விதியே உண்மையான விதி என்று ஹைகன்ஸ் வாதிட்டார்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். லொறிச் சாரதியின் வாக்குமூலம் நினைவுக்கு வந்தது. 'பொடியன் காற்றாய்ப் பறந்து வந்தான்.' ஐம்பதில் செல்லும் ஒருவருக்கு, எதிரே ஐம்பதில் வருபவர் நூறில் வருவது போலவே தெரியும். அந்த நூறில் சரிபாதி பார்ப்பவருடையது. சாரதி பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தோணியில் நின்றுகொண்டு சாட்சி சொன்னார், அவ்வளவுதான். தன் தோணியும் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அவர் மறந்தார். அதைக் கேட்டு எழுதிய நானும் மறந்தேன்.

1668 இல் இலண்டன் அரச கழகம், மோதலின் விதிகளை எழுதித் தருமாறு அறிஞர்களைக் கேட்டது. கணிதவியலாளர் ஜோன் வலிஸ், பின்னர் இலண்டன் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் றென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் சில வாரங்களுக்குள் விடை அனுப்பினர். வலிஸ் மோதி ஒட்டிக்கொள்ளும் பொருள்களைப் பற்றி எழுதினார். மற்ற இருவரும் மோதித் திரும்பும் வன்பொருள்களைப் பற்றி எழுதினர். 1687 இல் வெளிவந்த தம் பெருநூலில் இம்மூவரின் பெயரையும் குறிப்பிட்ட நியூற்றன், ஊசல்களில் பந்துகளைத் தொங்கவிட்டு மோதவிட்டுத் தாமே சோதித்தார். இறுக்கிச் சுற்றிய கம்பளிப் பந்துகள் ஒன்பது பங்கு வேகத்தில் நெருங்கினால் ஐந்து பங்கு வேகத்தில் பிரிந்தன. கண்ணாடிப் பந்துகள் பதினாறுக்குப் பதினைந்து என்ற விகிதத்தில் பிரிந்தன. பொருள் எதுவாயினும், திரும்பும் வேகம் எவ்வளவாயினும், மொத்த உந்தம் மட்டும் மாறவில்லை.

இனி நம் கதைக்கு மிக நெருக்கமானவர் வருகிறார். அவர் பெயர் பெஞ்சமின் றொபின்ஸ். துப்பாக்கிக் குண்டின் வேகத்தைக் கண்ணால் காண முடியாது. அதை அளப்பதற்கு 1742 இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு வழி சொன்னார். கனத்த மரக்கட்டை ஒன்றை ஊசலாகத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுடவேண்டும். குண்டு கட்டையில் புதையும்; கட்டை பின்னோக்கி ஆடும். கட்டை எவ்வளவு உயர்ந்தது என்பதிலிருந்து அது புறப்பட்ட வேகம் தெரியும். அந்த வேகத்திலிருந்து உந்தக் கணக்கால் குண்டின் வேகம் தெரியும். 30 கிராம் குண்டு 30 கிலோ கட்டையில் புதைந்து, கட்டை செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் நகர்ந்தால், குண்டு செக்கனுக்கு ஏறக்குறைய 500 மீற்றர் வேகத்தில் வந்திருக்கிறது. நடந்து முடிந்துபோன, எவரும் காணாத ஒரு வேகத்தை, அது விட்டுச் சென்ற அசைவிலிருந்து மீட்டெடுக்கும் வித்தை இது.

இந்த றொபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளராக நியமனம் பெற்றுத் தமிழ் மண்ணுக்கு வந்தார். 1751 ஆம் ஆண்டு யூலை மாதம் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிலேயே இறந்தார். இன்று உலகெங்கும் வீதி விபத்தை ஆராய்வோர் செய்யும் கணக்கு, அடிப்படையில் அவருடைய மரக்கட்டைக் கணக்குத்தான். கட்டை ஆடிய உயரத்துக்குப் பதிலாக, மோதிய வாகனங்கள் வீதியில் இழுபட்டுச் சென்ற தூரத்தை அளக்கிறார்கள். வேறுபாடு அவ்வளவே.

மோட்டார் வாகனம் தோன்றியதும் வேகத்தைப் பற்றிய சண்டையும் தோன்றிவிட்டது. 1896 ஆகஸ்ட் 17 ஆம் திகதி இலண்டன் கிறிஸ்டல் மாளிகை வளவில் பிறிட்ஜெற் டிறிஸ்கோல் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார் கார் மோதி இறந்த பாதசாரிகளுள் முதல்வர் இவரே என்பர். மணிக்கு நான்கு மைல் வேகத்தில் வந்ததாகச் சாரதி சொன்னார். பாய்ந்தோடும் குதிரையின் வேகத்தில் வந்ததாகச் சாட்சி ஒருவர் சொன்னார். மரண விசாரணையில் அது தற்செயல் விபத்து என்று முடிந்தது. வேகத்தை அளந்தவர் எவருமில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1936 இல், அமெரிக்காவின் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகத்தில் வீதிப் போக்குவரத்துக்கென ஒரு நிறுவனம் தோன்றி, விபத்து நிகழ்ந்த இடத்தை அளந்து ஆராயும் முறையைப் பொலிசாருக்குப் பயிற்றத் தொடங்கியது.

கணக்கு எப்படிச் செல்கிறது என்பதை ஒரு கற்பனை விபத்தில் பார்ப்போம். ஒரு சந்தியில் 1800 கிலோ எடையுள்ள வான் மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. 1200 கிலோ எடையுள்ள கார் தெற்கிலிருந்து வடக்கே வருகிறது. இரண்டும் மோதி, ஒன்றோடொன்று சிக்கி, வடகிழக்காக 10 மீற்றர் இழுபட்டு நிற்கின்றன. இழுபட்ட கோடு கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறக்குறைய 37 பாகை சாய்ந்திருக்கிறது. 'நான் நாற்பதில்தான் வந்தேன்' என்று இரு சாரதிகளும் சத்தியம் செய்கிறார்கள்.

முதலில் மோதலுக்குப் பின்னிருந்து தொடங்கவேண்டும். காய்ந்த தார் வீதியில் பூட்டுண்ட சில்லின் உராய்வுக் குணகத்தை 0.7 என்று கொள்ளலாம். இரண்டையும் ஈர்ப்பு ஆர்முடுகலையும் இழுபட்ட தூரத்தையும் உராய்வுக் குணகத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், மோதிய உடனே இரு வாகனங்களும் சேர்ந்து சென்ற வேகம் செக்கனுக்கு 11.7 மீற்றர் என்று வரும். இரண்டின் மொத்தத் திணிவு 3000 கிலோ. ஆகவே மொத்த உந்தம் 35,100 அலகு. இதைத் திசைவாரியாகப் பிரித்தால் கிழக்கு நோக்கி 28,080. வடக்கு நோக்கி 21,060. கிழக்கு நோக்கிய உந்தம் முழுவதும் வான் கொண்டுவந்தது. காருக்கு அதில் பங்கில்லை. வடக்கு நோக்கியது முழுவதும் கார் கொண்டுவந்தது. வகுத்துப் பார்த்தால் வானின் வேகம் செக்கனுக்கு 15.6 மீற்றர், அதாவது மணிக்கு 56 கிலோமீற்றர். காரின் வேகம் 17.55 மீற்றர், அதாவது மணிக்கு 63 கிலோமீற்றர்.

உராய்வுக் குணகம் சரியாக 0.7 தானா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். 0.6 என்று வைத்தால் வான் 52, கார் 59. 0.8 என்று வைத்தால் வான் 60, கார் 68. எப்படி வைத்தாலும் நாற்பது வரவில்லை. இருவருமே தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஆய்வாளர் ஓர் எண்ணைச் சொல்வதில்லை. இதற்குக் குறையாது, இதற்கு மேற்படாது என்று ஒரு வரம்பைச் சொல்வார். நீதிமன்றத்துக்குத் தேவையானதும் அந்த வரம்புதான்.

இங்கே கூர்ந்து நோக்கவேண்டிய இரண்டு விடயங்கள் உண்டு. வீதியின் உராய்வு வெளியிலிருந்து தாக்கும் விசையல்லவா, அப்படியிருக்க உந்தம் காக்கப்படுவதாகக் கொள்வது எப்படி என்று வாசகர் கேட்கலாம். மோதல் நீடிப்பது ஏறக்குறைய ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்துக்குள் உராய்வு குறைக்கக்கூடிய வேகம் செக்கனுக்கு முக்கால் மீற்றருக்கும் குறைவு. வாகனங்கள் ஒன்றையொன்று தாக்கும் விசையோ அதைவிடப் பன்மடங்கு பெரிது. ஆகவே அந்தக் கணத்துக்கு மட்டும் உராய்வை ஒதுக்கிவிடலாம். அந்தக் கணம் கழிந்ததும் ஒதுக்கக்கூடாது.

இரண்டாவது, மோதும் கணத்தில் இயக்கசக்தி காக்கப்படுவதில்லை. அது தகடு நெளிவதிலும் கண்ணாடி உடைவதிலும், சொல்லக் கசப்பாயினும், எலும்பு முறிவதிலும் செலவாகிவிடுகிறது. றொபின்ஸின் குண்டை மீண்டும் எண்ணிப் பாருங்கள். குண்டு கொண்டுவந்த இயக்கசக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கே கட்டையின் அசைவாக எஞ்சியது. மிகுதி மரத்தைத் துளைப்பதிலும் வெப்பத்திலும் போய்விட்டது. உந்தமோ முழுதாக எஞ்சியது. ஆகவே மோதிய கணத்துக்கு உந்தக் கணக்கு, இழுபட்ட தூரத்துக்குச் சக்திக் கணக்கு என்று இரண்டையும் அதனதன் இடத்தில் வைக்கவேண்டும். மாற்றி வைத்தால் நிரபராதி குற்றவாளியாவான்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. 2023 யூலை 9 ஆம் திகதி கதுருவெலையிலிருந்து காத்தான்குடி நோக்கி வந்த பேருந்து, மன்னம்பிட்டியில் பாலத்தின் தடுப்பில் மோதி ஆற்றில் வீழ்ந்தது. குறைந்தது பத்துப் பேர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்தில் பேருந்தின் உந்தத்தைத் தடுப்பு வாங்கிப் பாலத்துக்குக் கொடுக்கிறது. பாலம் பூமிக்குக் கொடுக்கிறது. பூமியின் அசைவை அளக்க எந்த அளவுகோலும் கிடையாது. அங்கே உந்தக் கணக்கு வாய் மூடிக்கொள்ளும். சில்லுத் தடம், நெளிந்த இரும்பு, வீழ்ந்த தூரம் ஆகியவற்றையே கேட்கவேண்டும்.

மட்டக்களப்புப் புகையிரதப் பாதையின் துயரத்தையும் இந்தக் கணக்கு விளக்குகிறது. 1928 இல் திறக்கப்பட்ட இப்பாதை, கல்ஓயாவிலிருந்து மின்னேரியா, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிக்கந்தை, புனானை வழியாக யானைகள் நடமாடும் காடுகளை ஊடறுத்து வருகிறது. 2018 செப்டெம்பரில் ஹபரணைப் பகுதியில் கருவுற்ற யானை ஒன்றும் இரு குட்டிகளும் புகையிரதம் மோதி இறந்தன. 2024 ஒக்டோபரில் மட்டக்களப்புக்கு எரிபொருள் ஏற்றி வந்த புகையிரதம் மின்னேரியாப் பகுதியில் யானைக் கூட்டத்தில் மோதியது. இரண்டு யானைகள் இறந்தன, எரிபொருள் தாங்கிகள் தடம் புரண்டன. 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி அதிகாலை, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குச் சென்ற மீனகயா கடுகதிப் புகையிரதம் ஹபரணைக்கு அருகே யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. ஆறு யானைகள் இறந்தன. பயணிகளுக்குக் காயமில்லை.

பயணிகளுக்கு ஏன் காயமில்லை என்பதற்கு உந்தம் விடை சொல்லும். 400 தொன் எடையுள்ள ஒரு புகையிரதம் 60 கிலோமீற்றர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். 4 தொன் எடையுள்ள யானை மோதுண்டு அதனோடு இழுபட்டால், புகையிரதத்தின் வேகம் 59.4 ஆகும். ஆறு யானைகள், மொத்தம் 20 தொன் என்றாலும் வேகம் 57 ஆகவே குறையும். பெட்டிக்குள் உறங்குபவர் புரண்டு படுக்கும் அளவே அதிர்ச்சி. யானைக்கோ ஓய்விலிருந்து ஒரே கணத்தில் ஏறக்குறைய அறுபது. உந்தம் இரு தரப்புக்கும் சமமாகவே கைமாறுகிறது. துன்பம் சமமாகக் கைமாறுவதில்லை. எடை குறைந்தவர் மீதே அது முழுவதும் இறங்குகிறது. தடம் புரள்வதும் மோதலின் வேகக் குறைவினால் அன்று. சில்லுகளின் அடியில் பெரும் உடல் அகப்பட்டு அவற்றைத் தண்டவாளத்திலிருந்து தூக்கிவிடுவதனாலேயே.

பரிகாரமும் அதே கணக்கில் இருக்கிறது. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில் பிடிக்கும் பிடி குறைவு. செக்கனுக்குச் செக்கன் 0.7 மீற்றர் அமர்முடுகல் கிடைப்பதாகக் கொண்டால், 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 200 மீற்றர் வேண்டும். 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்க 90 மீற்றருக்கும் குறைவே போதும். இரவில், வளைவில், எஞ்சின் விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியுமா என்பதே கேள்வி. வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால், நிற்கும் தூரத்தில் பாதிக்கு மேல் குறைகிறது. சாரதியைத் திட்டுவதைவிட இந்த எண்ணைப் பேசுவது பயனுள்ளது.

மீண்டும் என் குறிப்பேட்டுக்கு வருகிறேன். பழைய கடதாசிகளுக்கிடையே அது அகப்பட்டது. '35 எட்டு' என்ற எழுத்து மங்கியிருந்தாலும் வாசிக்க முடிந்தது. என் எட்டு ஏறக்குறைய 70 சதம மீற்றர். ஆக, தடம் ஏறக்குறைய 25 மீற்றர்.

எட்டுத் தொன் லொறி, ஆளோடு சேர்ந்து 200 கிலோ மோட்டார் சைக்கிள். இரண்டும் ஐம்பதில் வந்து மோதினால், லொறியின் வேகம் 47.6 ஆகக் குறையும். மோட்டார் சைக்கிளின் வேகம் எதிர்த்திசையில் 47.6 ஆக மாறும். லொறிக்கு இழப்பு இரண்டரை கிலோமீற்றர். அந்த இளைஞருக்கோ ஒரே கணத்தில் ஏறக்குறைய 98. அவர் ஐம்பதில் அல்ல, எண்பதில் வந்திருந்தால்? லொறியின் வேகம் 46.8 ஆகியிருக்கும். வேறுபாடு ஒரு கிலோமீற்றரும் இல்லை. வீதியில் கிடந்த தடத்தைக் கொண்டு அத்தனை நுட்பமான வேறுபாட்டை எவராலும் அளக்க முடியாது. லொறியின் தடத்திலிருந்து இளைஞரின் வேகத்தைக் கண்டறிய வழியே இல்லை என்பதுதான் விஞ்ஞானத்தின் தீர்ப்பு. பொலிசாராலும் முடியாது, சாரதியாலும் முடியாது. என்னால் எப்படி முடிந்தது?

ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மோதலில் லொறி இழந்தது ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அப்படியானால் அந்த 25 மீற்றர் தடம் லொறி சொந்தமாகக் கொண்டுவந்த வேகத்தின் தடம். உராய்வுக் குணகம் 0.6 என்றால், வேகம் ஏறக்குறைய 62 கிலோமீற்றர். 0.5 என்றால் 56. தேய்ந்த டயர், பிடிக்காத பிரேக், பாரம் என்று சாரதிக்குச் சார்பாக எல்லாவற்றையும் கூட்டி 0.4 என்று வைத்தாலும் 50. எட்டு எண்ணியதில் நான் ஐந்தாறு பிழைவிட்டிருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் முப்பது வராது.

அதாவது, எவராலும் அறிய முடியாத வேகத்தை நான் அச்சிட்டேன். அறியக்கூடியதாக என் கையிலேயே இருந்த வேகத்தைச் செய்திக்குச் சுவை சேர்க்காது என்று தள்ளினேன்.

சாரதியின் மீது பழிபோட இதை எழுதவில்லை. மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கத்தில் வந்தது, வீதியில் வேறு ஏதேனும் குறுக்கிட்டதா என்பவற்றை இந்தக் கணக்கு சொல்லாது. ஐம்பது, அறுபதில் வந்தவரெல்லாம் குற்றவாளியும் அல்லர். ஆனால் வீதி விபத்தில் இறந்தவர் வாக்குமூலம் கொடுப்பதில்லை. உயிர் தப்பியவர் சொல்வதே கதையாகிறது. அந்தக் கதை பொலிஸ் புத்தகத்தில் ஏறி, அங்கிருந்து பத்திரிகைக்கு வந்து, பத்திரிகையிலிருந்து ஊர் வாய்க்குப் போய், இறந்தவரின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. இறந்தவருக்காகப் பேசக்கூடிய சாட்சிகள் இரண்டு கறுப்புத் தடங்களும் ஒரு நெளிந்த இரும்பும் மட்டுமே. அவையும் அடுத்த மழைவரைதான் இருக்கும்.

நம் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படிக்கும்போது, ஒப்பமான மேசையில் இரண்டு கோளங்களை மோதவிட்டு மீளமைவுக் குணகம் காண்கிறார்கள். சித்தியடைந்ததும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் கோளங்கள் கல்முனை வீதியில் ஓடுகின்றன என்று ஆசிரியர்கள் ஒருதரம் சொல்லிவைக்கலாம். விபத்துச் செய்தி எழுதப் போகும் இளைய நண்பர்களுக்கு நான் சொல்வது இதைவிட எளியது. ஓர் அளவுநாடா கொண்டு செல்லுங்கள். தடத்தின் நீளத்தை அளந்து, அளந்ததை அச்சிடுங்கள். 'அதிவேகம்' என்று யாரேனும் சொன்னால், சொன்னவர் பெயரோடு போடுங்கள். உங்கள் சொல்லாகப் போடாதீர்கள்.

கல்லடியில் மனிங் சீமாட்டி பெயர்பெற்ற பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. இப்போது வாகனங்கள் புதிய பாலத்தில் விரைகின்றன. பழைய பாலத்தில் மாலையில் நடந்து செல்பவர்கள் நின்று வாவியைப் பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். கரையில் யாரோ தோணியிலிருந்து இறங்குவார். தோணி சற்றே பின்வாங்கும். அதைக் காணும்போதெல்லாம் அந்தத் தகப்பனாரின் கேள்வி காதில் விழும்.

ஆரும் காணவில்லை ஐயா. அதை நான் அன்றே சொல்லியிருக்கவேண்டும்.